யூரிக் ஆசிட், கவுட், கூடவே வரும் நோய்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யூரிக் ஆசிட் என்று பேச்செடுத்தாலே எதைச் சாப்பிடக்கூடாது என்பதில்தான் போய் நிற்கிறது. பருப்பை நிறுத்து, காலிஃபிளவரைத் தொடாதே, கீரை ஆகாது என்று ஆளுக்கொரு பட்டியல் வரும். அந்த மனிதருக்குப் பிரஷர் எவ்வளவு, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் எவ்வளவு என்று யாரும் கேட்பதில்லை. முதலில் கேட்க வேண்டியதே அதுதான். கீழே உள்ள பதில்களில் பெரும்பகுதி அதைச் சுற்றியே இருக்கும்.

முழு உடல் பரிசோதனையில் யூரிக் ஆசிட் 7.8 என்று வந்திருக்கிறது. வலி ஒன்றும் இல்லை. மாத்திரை போட வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம். கவுட் வலி, அதாவது யூரிக் ஆசிட் படிகமாகி மூட்டில் தங்குவதால் வரும் கடும் மூட்டு வலி, ஒருமுறைகூட வராதவருக்கு ரத்தத்தில் உள்ள எண்ணை மட்டும் பார்த்து மாத்திரை தொடங்க வேண்டாம் என்றுதான் அமெரிக்க மூட்டுநோய் மருத்துவர்கள் அமைப்பின் 2020 வழிகாட்டுதல் சொல்கிறது. அளவு கூடியிருக்கும் பலருக்குக் கடைசிவரை கவுட் வருவதே இல்லை. அமெரிக்காவில் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனிக்கப்பட்ட ஆண்களில், 9க்கு மேல் இருந்தவர்களிலேயே ஐந்து ஆண்டுகளில் சுமார் 22 சதவீதம் பேருக்குத்தான் கவுட் வந்தது. 7க்கும் 9க்கும் இடையில் இருந்தவர்களுக்கு ஆண்டுக்கு 200 பேரில் ஒருவர் என்ற கணக்குதான்.

அதற்காக ரிப்போர்ட்டை மடித்து பீரோவில் வைத்துவிடக் கூடாது. இரண்டு மூன்று தடவை பிரஷர் பாருங்கள். வெறும் வயிற்றில் சுகர், மூன்று மாதச் சராசரி சுகர், கொழுப்பு, கிரியாட்டினின், சிறுநீரில் புரதம் போகிறதா என்பது, இவ்வளவும் ஒரே நாளில் முடிந்துவிடும். 7.8 என்ற எண்ணால் கிடைக்கும் பெரிய நன்மை, இதையெல்லாம் பார்க்க ஒரு காரணம் கிடைத்தது என்பதே.

ரத்தப் புற்றுநோய்க்குக் கீமோ தொடங்குபவர்கள் கதை வேறு. செல்கள் கூட்டமாக அழியும்போது யூரிக் ஆசிட் திடீரென ஏறும் என்பதால் அவர்களுக்கு முன்கூட்டியே மருந்து கொடுப்பார்கள்.

இந்த யூரிக் ஆசிட் எங்கிருந்து வருகிறது? நான் அசைவமே சாப்பிடுவதில்லையே?

நம் செல்களின் மரபுப் பொருளில் பியூரின் என்று ஒன்று இருக்கிறது. பழைய செல்கள் சிதையும்போது அந்தப் பியூரின் உடைந்து கடைசியில் யூரிக் ஆசிட்டாக நிற்கும். உடலில் உள்ள யூரிக் ஆசிட்டில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு இப்படி உள்ளிருந்தே உண்டாவது. சாப்பாட்டிலிருந்து வருவது மீதி ஒரு பங்குதான். மற்ற பாலூட்டிகள் பெரும்பாலானவற்றுக்கு இதை மேலும் உடைக்க யூரிகேஸ் என்ற நொதி உண்டு. பரிணாமத்தில் நமக்கு அது போய்விட்டது.

வெளியேற்றும் வேலையில் மூன்றில் இரண்டு பங்கைச் சிறுநீரகமும் மீதியைக் குடலும் பார்க்கின்றன. கவுட் உள்ளவர்களில் பத்தில் ஒன்பது பேருக்குச் சிக்கல் இந்த வெளியேற்றத்தில்தான், உற்பத்தியில் அல்ல. சிறுநீரகம் எவ்வளவு யூரிக் ஆசிட்டைத் திரும்ப ரத்தத்துக்கு இழுத்துக்கொள்ளும் என்பதைப் பெரும்பாலும் பரம்பரை தீர்மானிக்கிறது. ஆகவே சுத்த சைவக்காரருக்கும் வரும். கவுட் வந்தவரைப் பார்த்து 'வாயைக் கட்டவில்லை' என்று குறை சொல்வது நியாயமே இல்லை. எவ்வளவு கடுமையாகப் பத்தியம் இருந்தாலும் பெரும்பாலும் 1 புள்ளி அளவுக்குத்தான் இறங்கும்.

எந்த அளவுக்கு மேல் போனால் படிகமாகும்?

6.8 மில்லிகிராம். ரத்தத்தில் ஒரு டெசிலிட்டருக்கு அவ்வளவுதான் கரையும். அதற்கு மேல் போனால் ஊசி ஊசியாகப் படிகமாகி மூட்டுகளில் தங்க ஆரம்பிக்கும். குளிர்ச்சியான இடத்தில் இன்னும் எளிதாகப் படியும் என்பதால் கால் விரல்கள் முதலில் மாட்டுகின்றன. சிகிச்சையில் 6க்குக் கீழே கொண்டுவர வேண்டும் என்பது இதனால்தான். 6.8க்குக் கீழே இருந்தால் புதிய படிகம் உண்டாகாது, பழையதும் மெல்லக் கரையும்.

கவுட் வலி எப்படி இருக்கும்? சாதாரண மூட்டு வலியிலிருந்து எப்படிப் பிரித்தறிவது?

படுக்கும்போது ஒன்றும் இருக்காது. விடியற்காலை இரண்டு, மூன்று மணிக்குக் கால் கட்டைவிரலின் அடிமூட்டு எரிந்து, குத்தி, ஆளை எழுப்பும். விளக்கைப் போட்டுப் பார்த்தால் மூட்டு சிவந்து, தோல் பளபளவென்று இறுகி, தொட்டால் கொதிக்கும். மேலே கிடக்கும் போர்வையின் கனத்தைக்கூடத் தாங்க முடியாது. மின்விசிறிக் காற்று பட்டாலே வலிக்கிறது என்பவர்கள் உண்டு. அப்போது ஆள் காலை மெத்தைக்கு வெளியே நீட்டி வைத்துக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருப்பார். 24 மணி நேரத்துக்குள் வலி உச்சத்துக்குப் போகும். ஒன்றிரண்டு வாரத்தில் மருந்தே போடாவிட்டாலும் தானாக அடங்கிவிடும்.

அந்த 'தானாக அடங்குவது'தான் ஆபத்து. அடுத்த தாக்குதல் ஆறு மாதமோ இரண்டு வருடமோ கழித்து வரும். அதுவரை ஆள் நலமாக நடக்கிறார், படிகம் உள்ளே சேர்ந்துகொண்டே இருக்கிறது. பிறகு கணுக்கால், முழங்கால், மணிக்கட்டு என்று இடம் மாறும், இடைவெளியும் குறையும்.

தேய்மானத்தால் வரும் முழங்கால் வலி இப்படி ஒரே இரவில் வராது. முடக்குவாதத்தில் பெரும்பாலும் இரண்டு கைகளின் சிறு மூட்டுகளும் சேர்ந்து, காலையில் விறைப்போடு வலிக்கும்.

வலி உச்சத்தில் இருந்தபோது டெஸ்ட் எடுத்தோம். யூரிக் ஆசிட் 5.9, நார்மல் என்கிறார்கள். அப்படியானால் கவுட் இல்லையா?

அப்படிச் சொல்லிவிட முடியாது. தாக்குதல் நடக்கும்போது ரத்தத்தில் அளவு இறங்கி நார்மலாகக் காட்டுவது சகஜம். வலி அடங்கி இரண்டு வாரமாவது கழித்துத் திரும்ப எடுக்க வேண்டும். சந்தேகமே வேண்டாம் என்றால் மூட்டிலிருந்து கொஞ்சம் நீரை ஊசியில் எடுத்து, அதற்கென உள்ள நுண்ணோக்கியில் பார்த்தால் ஊசிப் படிகங்கள் தெரியும். 1961லிருந்து இருக்கும் முறை இது, இன்றும் இதை மிஞ்சியது இல்லை. அந்த வசதி இல்லாத ஊர்களில் மூட்டு அல்ட்ராசவுண்ட் உதவும்.

சுகர், பிரஷர் இரண்டும் இருக்கிறது. இப்போது யூரிக் ஆசிட்டும். மூன்றுக்கும் தொடர்பு உண்டா?

உண்டு, நெருங்கிய தொடர்பு. 2007–08இல் அமெரிக்காவில் நாடு தழுவி எடுத்த சுகாதாரக் கணக்கெடுப்பில் கவுட் உள்ளவர்களில் 74 சதவீதம் பேருக்கு உயர் ரத்த அழுத்தம் இருந்தது. 53 சதவீதம் பேர் உடல் பருமன் உள்ளவர்கள், 26 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய். கவுட் மட்டும் தனியாக வருவது அபூர்வம் என்றே வைத்துக்கொள்ளலாம்.

சர்க்கரை நோய்க்கு முன்னோடியாக உடலில் இன்சுலின் சரியாக வேலை செய்யாத ஒரு நிலை வரும். வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேரும். ஈடுகட்டக் கணையம் இன்சுலினை அதிகமாகச் சுரக்கும். கூடுதல் இன்சுலின் சிறுநீரகத்திடம் உப்பையும் யூரிக் ஆசிட்டையும் வெளியே விடாமல் பிடித்து வைக்கச் செய்கிறது. உப்பு தங்கினால் பிரஷர் ஏறும், யூரிக் ஆசிட் தங்கினால் கவுட். ஆக மூன்றுக்கும் வேர் பல சமயம் ஒன்றுதான். ஒரு நாற்பது வயதுக்காரருக்கு முதல் கவுட் வந்திருக்கிறது என்றால், தொப்பை சுற்றளவையும் பிரஷரையும் பார்க்காமல் வலி மாத்திரை மட்டும் எழுதி அனுப்புவது பாதி வைத்தியம்.

யூரிக் ஆசிட்டை இறக்கினால் பிரஷரும் இறங்குமா? புதிதாகப் பிரஷர் வந்த பதின்வயதினர் 30 பேரிடம் 2008இல் யூரிக் ஆசிட்டை இறக்கும் ஆலோபூரினால் மாத்திரை கொடுத்துப் பார்த்ததில் இறங்கியது. பெரியவர்களிடம் அந்தப் பலன் உறுதிப்படவில்லை. ஆகவே பிரஷருக்குப் பிரஷர் மாத்திரைதான்.

யூரிக் ஆசிட் கூடினால் கிட்னி கெட்டுவிடுமா?

பயம் நியாயமானது, ஆனால் பல நேரம் காரணம் தலைகீழாக இருக்கும். சிறுநீரகம் தளர்வதால்தான் யூரிக் ஆசிட் தேங்குகிறது. யூரிக் ஆசிட்டை இறக்கினால் சிறுநீரகம் பிழைக்குமா என்று இரண்டு பெரிய பரிசோதனைகள் நடந்தன. ஒன்று நாட்பட்ட சிறுநீரக நோய் உள்ளவர்களிடம், மற்றொன்று முதல் வகைச் சர்க்கரை நோய் உள்ளவர்களிடம். இரண்டின் முடிவும் 2020இல் வந்தது. யூரிக் ஆசிட் நன்றாக இறங்கியது, சிறுநீரகத் தளர்ச்சி மட்டும் நிற்கவில்லை. கிட்னியைக் காப்பாற்றத்தான் இந்த மாத்திரை என்று கவுட் இல்லாதவருக்கு யாராவது சொன்னால், அதற்கு ஆதாரம் இல்லை. பிரஷரையும் சுகரையும் கட்டுக்குள் வைப்பதுதான் சிறுநீரகத்தைக் காக்கும்.

எனக்கு உண்மையிலேயே கவலை தரும் விஷயம் வேறு. வலி வந்ததும் மெடிக்கல் ஷாப்பில் போய் நின்று, போன தடவை வாங்கிய காலி அட்டையைக் காட்டி டைக்ளோஃபினாக்கோ அசிக்ளோஃபினாக்கோ வாங்கிக்கொள்கிறார்கள். பத்து நாள், பதினைந்து நாள் என்று ஓடும். ஏற்கெனவே தளர்ந்த சிறுநீரகத்தில் இந்த மாத்திரைகள் நேரடியாகக் கை வைக்கும், பிரஷரையும் ஏற்றும். யூரிக் ஆசிட் செய்யாத கெடுதலை வலி மாத்திரை செய்துவிடும். லேபிள் இல்லாத 'மூட்டுவலிப் பொடி' அதைவிட மோசம். சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பது பரிசோதனைகளில் தெரிய வந்திருக்கிறது. முகம் உப்பி, சுகர் ஏறிய பிறகுதான் வெளியே தெரியும்.

சிறுநீரகக் கல்லுக்கும் இதற்கும் சம்பந்தம்?

யூரிக் ஆசிட்டே கல்லாகும். சர்க்கரை நோயும் பருமனும் உள்ளவர்களின் சிறுநீரில் அமிலத்தன்மை கூடுதல், அதில் யூரிக் ஆசிட் கரையாது. இந்தக் கல் சாதாரண எக்ஸ்ரேயில் தெரியாது, ஸ்கேனில்தான் தெரியும். அறுவை இல்லாமலே, பொட்டாசியம் சிட்ரேட் கொடுத்துச் சிறுநீரின் அமிலத்தன்மையைக் குறைத்தே கரைத்துவிட முடிகிற கல் இது. சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்குப் பொட்டாசியம் ஆகாது என்பதால் மருத்துவர் சொல்லாமல் எடுக்கக்கூடாது.

மாரடைப்பு?

கவுட் உள்ளவர்களுக்கு இதய நோய் அதிகம். அதற்கு மேல் ஒரு செய்தி உண்டு. பிரிட்டனில் 60,000க்கும் மேற்பட்ட கவுட் நோயாளிகளின் பதிவேடுகளை ஆராய்ந்து 2022இல் வெளியிட்டார்கள். கவுட் தாக்குதலை அடுத்த 60 நாட்களில் மாரடைப்பு, பக்கவாதம் வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரண்டு மடங்காக இருந்தது. மூட்டில் கொதிக்கும் அழற்சி மூட்டோடு நிற்பதில்லை. அந்த இரண்டு மாதத்தில் நெஞ்சு அழுத்தம், மூச்சு வாங்குவது என்று எது வந்தாலும் வாயு என்று தள்ளிவிடாதீர்கள்.

அதே ஆண்டு வெளிவந்த இன்னொரு பரிசோதனையில், இதய நோய் இருந்து கவுட் இல்லாதவர்களுக்கு ஆலோபூரினால் கொடுத்ததில் இதயத்துக்குப் பலன் எதுவும் கிடைக்கவில்லை.

நான் சாப்பிடும் வேறு மாத்திரைகளே யூரிக் ஆசிட்டை ஏற்றுமா?

ஏற்றும். பிரஷருக்குக் கொடுக்கும் ஹைட்ரோகுளோரோதயசைடு, குளோர்தாலிடோன் போன்ற நீர் மாத்திரைகள் முதலில் வருபவை. ஃபுரோசமைடும் அப்படியே. தினமும் போடும் குறைந்த அளவு ஆஸ்பிரினும் கொஞ்சம் ஏற்றும், ஆனால் ஸ்டென்ட் வைத்தவர் அதை ஒருநாளும் தானாக நிறுத்தக்கூடாது. காசநோய் மருந்துகளில் பைரசினமைடும் எத்தாம்புடாலும் ஏற்றும். காசநோய் சிகிச்சை தொடங்கிய வாரங்களில் மூட்டு வலி வந்தால் சிகிச்சை தரும் இடத்தில் சொல்லுங்கள், மாத்திரையை விட்டுவிடாதீர்கள்.

மறுபக்கம், யூரிக் ஆசிட்டைக் குறைக்கும் மருந்துகளும் இருக்கின்றன. பிரஷருக்கு லோசார்டன், சர்க்கரைக்கு டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின், கொழுப்புக்கு ஃபெனோஃபைப்ரேட். உங்களுக்குக் கவுட் உண்டு என்று பிரஷர் பார்க்கும் மருத்துவருக்குத் தெரிந்தால், நீர் மாத்திரைக்குப் பதில் லோசார்டனை யோசிப்பார். ஒரே மாத்திரையில் இரண்டு காரியம். அதனால்தான் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போகச் சொல்வது.

பருப்பு, கீரை, காலிஃபிளவர், காளான் எல்லாம் நிறுத்த வேண்டுமா?

வேண்டாம். இவற்றில் பியூரின் உண்டு, அதில் சந்தேகமில்லை. ஆனால் சுமார் 47,000 ஆண்களை 12 ஆண்டுகள் கவனித்து 2004இல் வந்த அமெரிக்க ஆய்வில், பியூரின் உள்ள காய்கறிகளால் கவுட் கூடவில்லை. இறைச்சியும் மீனும் கூட்டின. கொழுப்பு நீக்கிய பால் பொருட்கள் நன்றாகவே குறைத்தன. ஆகவே சாம்பாரை நிறுத்திவிட்டு வெறும் சோறும் ஊறுகாயும் சாப்பிடுபவர் சர்க்கரை நோயை நோக்கித்தான் நடக்கிறார். மோர் தாராளமாகக் குடிக்கலாம். காபியாலும் கெடுதல் இல்லை.

குறைக்க வேண்டியவை ஈரல், மூளை, குடல், நெத்திலி, மத்தி, இறால். மூட்டு வலிக்கு நல்லது என்று வீட்டில் ஆட்டுக்கால் சூப் வைத்துக் கொடுப்பார்கள், அன்பாகத்தான் கொடுப்பார்கள். ஆனால் கறியிலுள்ள பியூரின் கொதிக்கும் நீரில் இறங்கிவிடும், கவுட் உள்ளவருக்கு அந்தச் சூப் ஒத்துவராது.

மதுவில் பீர்தான் முதல் எதிரி, அடுத்து பிராந்தி, விஸ்கி வகைகள். பலர் கவனிக்காதது சர்க்கரை போட்ட குளிர்பானம். அதிலுள்ள ஃபிரக்டோஸ் என்ற சர்க்கரை நம் ஈரலில் உடையும்போதே யூரிக் ஆசிட் உண்டாகிறது. தினம் இரண்டோ அதற்கு மேலோ குடித்த ஆண்களுக்குக் கவுட் ஆபத்து 85 சதவீதம் கூடுதல் என்று 2008இல் ஒரு ஆய்வு காட்டியது. கல்யாண வீட்டில் மட்டனைத் தவிர்த்துவிட்டு இரண்டு பாட்டில் குளிர்பானம் குடிப்பதில் லாபமில்லை.

எடையைக் குறைக்கலாம், குறைக்கவும் வேண்டும். ஆனால் மெதுவாக. பட்டினி கிடந்தால் யூரிக் ஆசிட் ஏறி, அந்த வாரமே தாக்குதல் வரலாம்.

வலி வந்த அன்று என்ன செய்வது?

காலை உயர்த்தி வைத்து, துணியில் சுற்றிய ஐஸால் ஒத்தடம் கொடுங்கள். தைலம் போட்டு நீவுவது வேண்டாம். மருந்து எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறதோ அவ்வளவு நல்லது. வலி-வீக்க மாத்திரை, கோல்ச்சிசின், சில நாட்களுக்கு மட்டும் ஸ்டீராய்டு என்று மூன்று வழிகள். எது என்பதை உங்கள் கிரியாட்டினினும் சுகரும் இதயமும் சேர்ந்து தீர்மானிக்கும். சிறுநீரகம் தளர்ந்தவருக்கு முதலாவது ஆகாது, சுகர் ஏறியிருப்பவருக்கு மூன்றாவதில் கவனம் வேண்டும்.

கோல்ச்சிசின் நமக்கு அந்நியமானதல்ல. தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தளின் விதையில் அது இருக்கிறது. திண்டுக்கல், கரூர், திருப்பூர்ப் பக்கம் கண்வலிக்கிழங்கு என்றும் சொல்லும் இந்தக் கொடியை விதைக்காகவே பந்தல் போட்டு வளர்க்கிறார்கள். நம் மண்ணில் விளைவதுதானே என்று கிழங்கையோ விதையையோ அரைத்துச் சாப்பிடுவது உயிருக்கு உலை. மாத்திரையில் இருப்பது அரை மில்லிகிராம், கிழங்கில் எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. மாத்திரையிலும் எல்லை உண்டு. வயிற்றுப்போக்கு வந்தால் நிறுத்திவிட்டு மருத்துவரைக் கேளுங்கள். கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக்கோடு சேர்ந்தால் விஷமாகிவிடும்.

யூரிக் ஆசிட் மாத்திரை ஆரம்பித்த பிறகு வலி கூடிவிட்டது. நிறுத்திவிடலாமா?

நிறுத்தாதீர்கள். மூட்டில் படிந்த படிகம் கரையத் தொடங்கும்போது முதல் சில மாதங்களில் தாக்குதல் வருவது எதிர்பார்த்ததே. அதற்குத்தான் மூன்று முதல் ஆறு மாதம் குறைந்த அளவு கோல்ச்சிசின் சேர்த்துக் கொடுப்பார்கள். இதை முன்கூட்டியே சொல்லாததால் மருந்தை விட்டவர்கள் ஏராளம். பிரிட்டனில் நாட்டிங்காமில் நர்ஸ்கள் உட்கார்ந்து விளக்கிச் சொல்லி, அளவு பார்த்துப் பார்த்து மருந்தைக் கூட்டினார்கள். இரண்டு ஆண்டுகள் முடிந்தபோது 95 சதவீதம் பேர் 6க்குக் கீழே இருந்தார்கள். வழக்கமான வைத்தியம் பார்த்தவர்களில் 30 சதவீதம் பேர்தான். மருந்துகள் இரண்டு பக்கமும் ஒன்றேதான்.

ஆண்டுக்கு இரண்டு தடவையோ அதற்கு மேலோ தாக்குதல் வருபவர், மூட்டருகே கட்டி உள்ளவர், படிகத்தால் மூட்டு அரித்தவர், இவர்களுக்கு இந்த மாத்திரை கட்டாயம். ஆலோபூரினால் 100 மில்லிகிராம் அல்லது அதற்கும் குறைவில் தொடங்கி, 6க்குக் கீழே வரும்வரை மெல்ல ஏற்ற வேண்டும். 100இல் தொடங்கி, திரும்ப ரத்தம் பார்க்காமல், வருடக்கணக்கில் 100லேயே நிற்பது சிகிச்சையே அல்ல. உடலில் தடிப்பு, வாய்ப்புண், காய்ச்சல் வந்தால் அன்றே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள். அரிது, ஆனால் கடுமையானது. கெர்ட்ரூட் எலியனும் ஜார்ஜ் ஹிட்சிங்ஸும் (1988 நோபல் பரிசு) உருவாக்கிய இந்த மருந்து, முதலில் ஒரு ரத்தப் புற்றுநோய் மருந்தின் வீரியத்தைக் கூட்டத்தான் ஆராயப்பட்டது. அதே காரணத்தால் அசதயோபிரின் (உடலின் எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்து) சாப்பிடுபவருக்கு இது ஆபத்து.

யூரிக் ஆசிட்டை இறக்கும் இன்னொரு மருந்தான ஃபெபுக்ஸோஸ்டாட் பற்றி 2018இல் ஒரு பரிசோதனை இதய மரணங்கள் கூடுதல் என்றது, 2020இல் வந்த இன்னொன்று அப்படி இல்லை என்றது. இதய நோய் உள்ளவர் மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்யட்டும்.

எவ்வளவு காலம் என்றால், பெரும்பாலும் வாழ்நாள் முழுக்க. பிரஷர் மாத்திரையை அப்படித்தானே எடுக்கிறோம்.

அம்மாவுக்கு 62 வயது. விரல் மூட்டில் கட்டி வந்து உடைந்து சுண்ணாம்பு போல வடிகிறது. பெண்களுக்கும் கவுட் வருமா?

வரும். ஈஸ்ட்ரோஜன் இருக்கும்வரை சிறுநீரகம் யூரிக் ஆசிட்டை நன்றாக வெளியேற்றும். மாதவிடாய் நின்றபின் அந்தப் பாதுகாப்பு போய்விடும். வயதான பெண்களுக்கு, அதுவும் நீர் மாத்திரை எடுப்பவர்களுக்கு, கட்டைவிரலுக்குப் பதில் கைவிரல் மூட்டில் தொடங்குவதுண்டு. அதைத் தேய்மானம் என்று நினைத்துப் பல வருடம் போய்விடும். வடிவது யூரிக் ஆசிட் படிகம். கட்டியைக் கீறவோ பிதுக்கவோ வேண்டாம், புண் ஆறாமல் சீழ் பிடிக்கும். யூரிக் ஆசிட்டை 5க்குக் கீழே வைத்திருந்தால் கட்டி மாதக்கணக்கில் சுருங்கிக் கரையும். கிரியாட்டினினையும் பிரஷர் மாத்திரையின் பெயரையும் உடனே பாருங்கள்.

எப்போது காத்திருக்காமல் மருத்துவமனைக்கு ஓட வேண்டும்?

மூட்டு வீக்கத்தோடு குளிர் காய்ச்சல் இருந்தால். மூட்டுக்குள் கிருமி புகுந்தாலும் பார்க்க இதே மாதிரிதான் இருக்கும், அது சில நாட்களில் மூட்டையே அழித்துவிடும். ஏற்கெனவே கவுட் உள்ளவருக்கும் கிருமித் தொற்று வரலாம், 'எனக்கு வழக்கமாக வருவதுதான்' என்று இருந்துவிடக் கூடாது. சர்க்கரை நோயாளிகள், டயாலிசிஸில் இருப்பவர்கள், ஸ்டீராய்டு எடுப்பவர்கள் காய்ச்சல் இல்லாவிட்டாலும் முதல் நாளே போய்விடுவது நல்லது. அங்கே மூட்டு நீரை எடுத்துப் பார்க்க வேண்டும் என்றால் தயங்காமல் சம்மதியுங்கள். படிகமா கிருமியா என்பது அந்தச் சில சொட்டு நீரில் தெரிந்துவிடும்.